மலைக்கு ஒரு அளவு, வயலுக்கு ஒரு அளவு

மோட்டார் சைக்கிள் வாங்குவது எமது குடும்பங்களில் சிறிய காரியம் அல்ல. ஓரிடம் விட்டு ஓரிடமாகப் பலமுறை இடம்பெயர்ந்து, கடைசியில் காணிக்குத் திரும்பியவர்களில் பலர், கூரை போட்டதற்கு அடுத்ததாக வாங்கிய பொருள் அதுதான். விதைநெல் வீட்டுக்கு வருவதும் அதிலே. கத்தரிக்காய் சந்தைக்குப் போவதும் அதிலே. நடுச்சாமத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அதிலே. அது நின்றுபோனால் வீட்டு வேலைகளில் பாதி நின்றுபோகும்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் மீளக்குடியமர்ந்த ஒரு கமக்காரரை நாம் சந்தித்தோம். ஒரு போகத்துக் கச்சான் விற்ற காசில் அவர் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கியிருந்தார். மனைவியின் உறவினர் நுவரெலியாப் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்கள் பார்த்துக் கொடுத்த வண்டி. மரக்கறி லொறியில் ஏற்றி இறக்கினார்கள். இரண்டு ஸ்ரோக் வண்டி; ஒயிலைப் பெற்றோலோடு கலந்து ஊற்றும் வகை. பார்வைக்கு நல்ல வண்டி. ஓட்டத்திலும் குறையில்லை.

மூன்றாவது கிழமை, சித்திரை வெயிலில், பின்னுக்கு இரண்டு மூட்டை கட்டிக்கொண்டு பரந்தன் முல்லைத்தீவு வீதியில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தபோது வண்டி திடீரென்று இறுகியது. பின்சில்லு இழுபட்டு, வண்டி சரிந்து, அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். அதற்குமேல் காயம் இல்லாதது நல்ல காலம்.

"வண்டி நல்லாத்தான் தம்பி ஓடிச்சுது. முன்னையிலும் பார்க்கத் துள்ளிக்கொண்டுதான் ஓடிச்சுது. ஒரு அறிகுறியும் இல்லை" என்று அவர் கராஜில் சொன்னாராம்.

கராஜ் தம்பி தலையைக் கழற்றினார். பிஸ்டன் பக்கவாட்டில் கீறுண்டு கிடந்தது. பிளக்கின் முனை சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை. காபரேற்றரைத் திறந்து உள்ளே இருந்த பித்தளைத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அண்ணை, இது மலைக்குப் போட்ட ஜெற். இந்த வண்டிக்கு உரியதிலும் இரண்டு படி சின்னன். இதோடை இந்த வெயிலிலை ஓடினால் எப்பிடித் தாங்கும்?" என்றார்.

சிலிண்டர் போர் செய்து புதிய பிஸ்டன் போட்டதில் வண்டி வாங்கிய காசில் பெரும்பங்கு மறுபடியும் போயிற்று. கச்சானுக்கு உரம் போடும் பருவமும் கைநழுவியது. பிழையோ ஒரு நெல்மணியிலும் சிறிய துளை ஒன்றில் இருந்தது. அந்தத் துளையைப்பற்றி எமது வாசகர்கள் அறிந்திருக்கவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

மலையோடு எமக்குள்ள தொடர்பு

வன்னியில் இருப்பவருக்கு மலையைப்பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். எமது குடும்பங்களில் பலருக்கு மலையகம் அந்நியமான இடம் அல்ல. 1977, 1983 ஆகிய ஆண்டுகளில் நடந்த வன்செயல்களின்போது தோட்டங்களை விட்டு வந்து, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் கமம் செய்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று எம்மிடையே இருக்கிறார்கள். 2008, 2009 ஆம் ஆண்டுகளின் போரில் அவர்களும் மற்றவர்களோடு சேர்ந்து மீண்டும் இடம்பெயர்ந்தார்கள். கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் ஹற்றனுக்கும் பண்டாரவளைக்கும் போய்வருவது அவர்களுக்கு வழமை. பஸ் காசைக் கணக்குப் பார்த்து மோட்டார் சைக்கிளிலேயே போகிறவர்களும் உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. அந்த ஐந்து வருடங்களில் பழைய வண்டிகள் கைமாறிக் கைமாறி நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போயின. விற்றவர் எந்த உயரத்தில் அதை ஓட்டினார் என்று வாங்கியவர் கேட்பதில்லை. மோட்டார் சைக்கிள் மட்டுமல்ல, பெற்றோலில் ஓடும் தண்ணீர்ப் பம்பியும் மருந்தடிக்கும் மிசினும் இப்படித்தான் ஊர் மாறுகின்றன. அவற்றிலும் காபரேற்றர் உண்டு. அவற்றுக்கும் இதே கதைதான்.

உயரப் போனால் என்ன நடக்கிறது?

பெற்றோல் தனியே எரியாது. காற்றோடு கலந்தால்தான் எரியும். ஒரு கிலோ பெற்றோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். இதை லீற்றரில் சொன்னால் இன்னும் தெளிவாக விளங்கும். ஒரு லீற்றர் பெற்றோலை எரிக்க எமது தாழ்நிலத்தில் சுமார் 9,000 லீற்றர் காற்றை இயந்திரம் உறிஞ்சுகிறது. நாம் காசு கொடுத்து வாங்குவது பெற்றோலை மட்டுமே. மற்றப் பங்கு இலவசமாக வருவதால் அதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மலையில் ஏறும்போது காற்று ஐதாகிறது. கடற்கரையில் காற்றின் அமுக்கம் 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், 500 மீற்றர் உயரமுள்ள கண்டியில் அது ஏறத்தாழ 94 பங்கு. 1,270 மீற்றர் உயரத்திலுள்ள ஹற்றனில் 86 பங்கு. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 80 பங்குதான். நுவரெலியாவில் சமைத்தவர்களுக்கு இது தெரியும். அங்கே தண்ணீர் 100 பாகைக்கு வரமுன்னரே, 94 பாகையளவில் கொதித்துவிடும். அதனால் பருப்பு அவியக் கூடிய நேரம் எடுக்கும். அடுப்பில் நடப்பதும் இயந்திரத்தில் நடப்பதும் ஒரே காரணத்தால்தான்.

மலைக்காற்று குளிர்ந்திருப்பதால் சற்று நெருக்கமாகவும் இருக்கும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால், நுவரெலியாவில் இயந்திரத்துக்குக் கிடைக்கும் காற்று வன்னி வெயிலில் கிடைப்பதிலும் ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆகவே வண்டியின் பலத்திலும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறையும். எந்தத் திருகாணியைத் திருகினாலும் அந்தப் பலம் திரும்பி வராது. இதை முதலில் ஏற்றுக்கொள்ளவேண்டும். மலையில் வண்டி இழுக்கவில்லை என்று காபரேற்றரைப் பிரித்துப் போட்டவர்கள் பலர், இல்லாத நோய்க்கு மருந்து தேடியவர்களே.

ஆனால் காபரேற்றரால் சரிசெய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. காற்று குறைந்த அளவுக்குப் பெற்றோலின் வரத்து குறைவதில்லை. நுவரெலியாவில் கலவையில் பெற்றோலின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்று கூடிவிடுகிறது. எரியாத பெற்றோல் கரும்புகையாகச் சைலன்சரால் வெளியேறுகிறது. இதைக் கலவை தடித்துவிட்டது என்பார்கள். மறுபுறம், மலைக்கென்று பெற்றோலைக் குறைத்து வைத்த வண்டி தாழ்நிலத்துக்கு வந்தால் காற்று கூடி, பெற்றோல் போதாமல் கலவை ஐதாகிவிடும்.

இந்த இரண்டு பிழைகளும் ஒன்றுக்கொன்று சமமானவை அல்ல. கலவை தடித்தால் பெற்றோல் வீணாகும், பிளக் கருகும், வண்டி இருமும். நட்டம் காசோடு முடியும். கலவை ஐதானால் இயந்திரம் அளவுக்கு மிஞ்சிச் சூடாகும். பெற்றோலில் ஒயில் கலந்து ஓடும் இரண்டு ஸ்ரோக் வண்டியாக இருந்தால், பெற்றோல் குறையும்போது ஒயிலும் சேர்ந்து குறையும். முடிவு பிஸ்டன் இறுகுவதுதான். நான்கு ஸ்ரோக் வண்டி இன்னும் சில காலம் தாங்கும். எனினும் வால்வு கருகும், பிஸ்டனின் தலை கெடும். சுருக்கமாகச் சொன்னால், ஏறும்போது காசு போகும். இறங்கும்போது இயந்திரமே போகும்.

ஐதான கலவையில் ஓடும் வண்டி கெடுவதற்கு முன் துள்ளிக்கொண்டு ஓடுவதும் உண்டு. அந்தக் கமக்காரர் ஏமாந்தது இதனால்தான்.

காபரேற்றரின் மூன்று வழிகள்

காபரேற்றரைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. அடியிலுள்ள கிண்ணத்தில் பெற்றோல் நிற்கிறது. மிதவை ஒன்று அதன் மட்டத்தைக் காக்கிறது. குழாயூடாகக் காற்று விரைந்து போகும்போது கிண்ணத்திலிருந்து பெற்றோல் மேலே இழுபடுகிறது. அது வரும் வழிகள் மூன்று.

அக்சிலேற்றரைத் தொடாமல் வண்டி நின்று ஓடும்போதும், மிக மெதுவாகப் போகும்போதும் பெற்றோல் சிறிய ஜெற் வழியாக வருகிறது. இந்த வழியைக் கூட்டிக் குறைக்க வெளியே ஒரு சிறு திருகாணி இருக்கும். கைப்பிடியைக் கால்வாசியிலிருந்து முக்கால்வாசி வரை திறந்து ஓடும்போது அளவைத் தீர்மானிப்பது உள்ளே ஏறி இறங்கும் ஊசி. நாம் ஓடும் நேரத்தில் பெரும்பகுதி இந்த ஊசியின் ஆட்சிதான். முழுதாகத் திறந்து, சுமையோடு ஏற்றம் ஏறும்போதோ வேகமாக ஓடும்போதோ அளவைத் தீர்மானிப்பது பெரிய ஜெற். கமக்காரரின் வண்டியில் மாறியிருந்தது இதுவே.

வண்டி எந்த நிலையில் குழப்பம் செய்கிறது என்று கவனித்தால், எந்த வழியில் பிழை என்பதை நீங்களே ஊகிக்கலாம். நின்று ஓடும்போது மட்டும் அணைகிறதா? திருகாணியைப் பாருங்கள். நடு ஓட்டத்தில் இருமுகிறதா? ஊசியைப் பாருங்கள். முழுதாகத் திறந்தால் மூச்சடைத்து, சற்று மூடினால் சரியாகிறதா? பெரிய ஜெற் அந்த உயரத்துக்குக் கூடிவிட்டது.

எந்தப் பக்கம் பிழை என்பதைப் பிளக் சொல்லும். வண்டி நன்றாகச் சூடேறியபின் சுமையோடு இரண்டு மூன்று கிலோமீற்றர் ஒரே சீராக ஓடுங்கள். பிறகு கிளச்சைப் பிடித்து, அந்த இடத்திலேயே இயந்திரத்தை நிறுத்தி, ஆறவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை இளம் கபில நிறமாக இருந்தால் அளவு சரி. கரியாக, உலர்ந்த புகைக்கரி படிந்திருந்தால் கலவை தடித்திருக்கிறது. வெள்ளையாக வெளிறி இருந்தால் ஐதாகிவிட்டது; உடனே கவனியுங்கள்.

மலைமேல் பழி போடுமுன்

நுவரெலியா மாவட்டத்தில் வீதியோரக் கராஜ் வைத்திருக்கும் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னோம். அவர் சிரித்தார். "கீழருந்து வர்ற வண்டிங்களுக்கு இங்க சின்ன ஜெட் போட்டுக் குடுக்கிறதுதான்ணே. ஆனா விக்கிறப்ப அத யாரும் மாத்திக் குடுக்கிறதில்ல. வாங்குறவங்களும் கேக்குறதில்ல" என்றார். பிறகு, தன்னிடம் வரும் வண்டிகள் பலவற்றில் ஜெற்றை மாற்றவே வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

அவர் முதலில் பார்ப்பது காற்று வடிகட்டியை. எமது கிறவல் வீதிகளின் செம்மண் தூசு அதில் அடைத்திருந்தால், தாழ்நிலத்திலேயே அந்த வண்டிக்கு மூச்சு முட்டும், மலையில் சொல்லவேண்டியதில்லை. அடுத்தது சோக். குளிர்காலையில் ஸ்டார்ட் செய்ய இழுத்த சோக்கை மறந்துபோய் அப்படியே ஓடுகிறவர்கள் பலர். மூன்றாவது பிளக். நான்காவது மிதவை, அது பழுதாகிப் பெற்றோல் மட்டம் கூடினாலும் கரும்புகை வரும். இந்த நான்கையும் பார்த்தபின்பே உயரத்தைக் குறைசொல்லவேண்டும்.

சிலர் மலையில் காற்று போதாது என்று வடிகட்டியையே கழற்றி எறிந்துவிடுவார்கள். இது கூடாது. தூசு உள்ளே போய்ச் சிலிண்டரைத் தேய்த்துவிடும்.

போய்வருகிறவருக்கு

கண்டி, மாத்தளை, பதுளை வரை போகிறவர் எதையும் தொடத் தேவையில்லை. அந்த உயரங்களில் வித்தியாசம் சிறியது. ஹற்றன், பண்டாரவளை, நுவரெலியா போன்ற இடங்களுக்கு இரண்டு மூன்று நாள் போய்வருகிறவரும் ஜெற்றை மாற்றவேண்டாம். கொஞ்சம் பெற்றோல் கூடச் செலவாகும், அவ்வளவுதான். நின்று ஓடும்போது அணைந்து அணைந்து போனால், வெளியே உள்ள ஓட்டத் திருகாணியைச் சற்றுத் திருகி வேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். சுமையைக் குறையுங்கள். ஏற்றத்தில் நேரத்தோடு கியரைக் குறையுங்கள். கைப்பிடியை முழுதாக முறுக்குவதால் பலம் வராது, கரும்புகைதான் வரும். முக்காலளவில் வைத்தால் பலவேளை வண்டி இன்னும் நன்றாக இழுக்கும்.

கையில் ஒரு மேலதிகப் பிளக்கும் அதைக் கழற்றும் சாவியும் வைத்திருங்கள். கருகிய பிளக் ஒன்றினால் மழையில், இருட்டில், குடும்பத்தோடு றம்பொடை ஏற்றத்தில் நிற்பது யாருக்கும் வேண்டாம்.

அங்கேயே தங்குகிறவருக்கு

மாதக்கணக்கில் மலையில் தங்கி வேலை செய்கிறவர் மாற்றிக்கொள்ளலாம். மாற்றினால் செலவு குறையும். 2022இல் பெற்றோல் விலை லீற்றர் 470 ரூபா வரை ஏறியதையும், மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று பங்கிட்டதையும் நாம் மறக்கவில்லை. அப்படியான காலத்தில் பத்தில் ஒரு பங்கு பெற்றோல் புகையாகப் போவது சிறிய விடயம் அல்ல.

முதலில் கலவைத் திருகாணி. வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். திருகாணியை மெதுவாக உள்ளே திருகி, அது முட்டும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். இறுக்க வேண்டாம், அதன் கூர்முனை கெட்டுவிடும். பிறகு பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, கால் சுற்றுக் கால் சுற்றாக மாற்றிப் பாருங்கள். எந்த இடத்தில் இயந்திரம் சீராகவும் சற்று வேகமாகவும் ஓடுகிறதோ, அதுவே சரியான இடம். எந்தப் பக்கம் திருகுவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். திருகாணி காற்று வடிகட்டியின் பக்கமாக இருந்தால் அது காற்றுத் திருகாணி. வெளியே திருகினால் கலவை ஐதாகும். இயந்திரத்தின் பக்கமாக இருந்தால் வெளியே திருகக் கலவை தடிக்கும்.

இரண்டாவது ஊசி. பெற்றோல் ரப்பை மூடிவிட்டு, காபரேற்றரின் மேல்மூடியைத் திறந்தால் ஊசி வெளியே வரும். அதன் தலையில் சில வெட்டுகளும் ஒரு வெட்டில் சிறு கிளிப்பும் இருக்கும். மலைக்குக் கிளிப்பை ஒரு வெட்டு மேலே போடவேண்டும். கிளிப் மேலே போனால் ஊசி கீழே இறங்கி வழியை அடைக்கும், பெற்றோல் குறையும். இதில் தலைகீழாக விளங்கிக்கொள்கிறவர்கள் உண்டு. சில வண்டிகளின் ஊசியில் ஒரேயொரு வெட்டுத்தான் இருக்கும். அவற்றில் கைவைக்க வேண்டாம்.

கடைசியாகப் பெரிய ஜெற். மேலே சொன்ன இரண்டும் போதாவிட்டால் மட்டும். ஜெற்றின் தலையில் எண் இருக்கும். எண் சிறிதானால் துளை சிறிது. 100 எண் போட்ட வண்டிக்கு நுவரெலியாவில் 95 அளவு போதும் என்பது கணக்கு. இரண்டு கொம்பனிகளின் எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாதிருக்கலாம். ஆகவே அதே கொம்பனி ஜெற்றையே வாங்குங்கள். ஒரு படி குறைத்து ஓடிப் பார்த்து, பிளக்கைக் கழற்றிப் பார்த்தபின்பே அடுத்த படி. ஜெற்றைத் துப்புரவு செய்யும்போது கம்பியோ ஊசியோ விடாதீர்கள், துளை பெருத்துவிடும். பெற்றோலில் கழுவி ஊதினால் போதும். துளையை ஈயத்தால் அடைத்துச் சிறிதாக்கும் வேலையும் வேண்டாம்.

இந்த வேலைகளைப் பகலில், வெளியில் செய்யுங்கள். காபரேற்றர் திறந்திருக்கும் இடத்தில் குப்பி விளக்கும் பீடியும் வேண்டாம். அடுப்படிக்குப் பக்கத்தில் பெற்றோல் போத்தல் வைக்க வேண்டாம்.

கழற்றிய பழைய ஜெற்றை எறிந்துவிடாமல் சிறு துணியில் முடிந்து, சாவிகளோடு வண்டியிலேயே வைத்திருங்கள். ஊருக்குத் திரும்பும் நாளில் அது வேண்டும்.

இறங்கும் நாளில்

திரும்பி வரும்போது எல்லாவற்றையும் பழைய அளவுக்கு மாற்றவேண்டும். எங்கே வைத்து மாற்றுவது? மலையிலேயே, புறப்படுமுன் மாற்றுங்கள். இறக்கத்தில் வண்டிக்குச் சுமை குறைவு. சில மணி நேரம் கலவை தடித்து ஓடுவதால் எதுவும் கெட்டுவிடாது. ஊருக்குப் போய் மாற்றலாம் என்று விட்டால், தாழ்நிலத்துச் சூட்டில், நேர்வீதியில், முழு வேகத்தில் ஓடியபின்தான் நினைவு வரும். அப்போது காலம் கடந்திருக்கும்.

நீண்ட இறக்கத்தில் பெற்றோலை மிச்சம்பிடிக்க இயந்திரத்தை நிறுத்தி வண்டியை உருளவிடுகிறவர்களைக் கண்டிருக்கிறோம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிறேக் மட்டும் தாங்கினால் அது சூடாகிப் பிடிக்காமல் போகும். சிறிய கியரில் இறங்குங்கள். ஒயில் கலந்து ஓடும் இரண்டு ஸ்ரோக் வண்டியானால், இறக்கத்தில் இடையிடையே கைப்பிடியைச் சற்றுத் திறந்து மூடுங்கள். இல்லாவிட்டால் பெற்றோலோடு வரும் ஒயில் பிஸ்டனுக்குக் கிடைக்காது.

பழைய வண்டி வாங்குகிறவர் ஒரு கேள்வியை மறக்காமல் கேட்கவேண்டும்: "இது எங்கே ஓடின வண்டி?" மலையில் ஓடியது என்றால், பணத்தைக் கொடுத்த அன்றே காபரேற்றரைத் திறந்து ஜெற்றின் எண்ணையும் கிளிப்பின் இடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வண்டிக்கு உரிய எண் தெரியாவிட்டால், அதே வண்டி வைத்திருக்கும் அயலவர் ஒருவருடையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தண்ணீர்ப் பம்பிக்கும் மருந்தடிக்கும் மிசினுக்கும் இதுவே வழி. பம்பி மணிக்கணக்காக ஒரே சுமையில் ஓடுவது. கலவை ஐதானால் அதற்கு ஆபத்து இன்னும் கூட.

புதிதாக வரும் சில வண்டிகளில் காபரேற்றர் இல்லை. அவை காற்றின் அளவைத் தாமே உணர்ந்து பெற்றோலைச் செலுத்துகின்றன. அவற்றில் கைவைக்கத் தேவையில்லை. ஆனால் எமது முற்றங்களில் நிற்பவற்றில் பல இன்னும் பழைய வண்டிகளே.

எமக்குத் தெரியாத வேலை அல்ல

இதெல்லாம் படித்த மெக்கானிக்கின் வேலை, எமக்கு ஏன் என்று எண்ணவேண்டாம். 1990களில் வடக்கில் பெற்றோல் கிடைக்காத நாட்களில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியவர்கள் எமது மக்கள். சேலைன் போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்து, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த பம்பிகளும் அப்படித்தான் ஓடின. அதனால் பல இயந்திரங்கள் கெட்டதும் உண்மை. இன்று அதைச் செய்யவேண்டிய தேவையில்லை. ஆனால் இயந்திரம் எதைக் கேட்கிறது என்று காதால் கேட்டு, புகையைக் கண்ணால் பார்த்து, கையால் சரிசெய்யும் பழக்கம் அன்றே எமக்கு வந்தது. இன்று வேண்டியது அந்தப் பழக்கமும், எழுதிவைக்க ஒரு கொப்பியும்தான்.

அந்தக் கமக்காரரின் வீட்டுக்கு நாம் மறுபடியும் போனோம். வண்டி முற்றத்தில் நின்றது. அவருடைய மகள் பாடக் கொப்பி ஒன்றின் கடைசித் தாளில் எழுதி வைத்திருந்ததை எமக்குக் காட்டினார். ஜெற்றின் எண், கிளிப் எத்தனையாவது வெட்டு, திருகாணி எத்தனை சுற்று, பிளக் மாற்றிய திகதி. "இனி விற்கிறதெண்டாலும் இந்தத் தாளோடைதான் குடுப்பம். வாங்கிற ஆள் எங்களைப்போலை அவதிப்படக் கூடாது" என்றார் தந்தை.

உங்கள் வீட்டு வண்டிக்கும் அப்படி ஒரு தாள் இருக்கட்டும். அடுத்த மழை நாளில், வயலுக்குப் போக முடியாத ஒரு பொழுதில், பிள்ளைகளையும் அருகில் இருத்தி அதை எழுதிவிடுங்கள்.